ஒரு கண்ணில் சுண்ணாம்பு

ஜனவரி 6

பீக்கர்கள் இன்றும் மங்கல். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பால் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்தது போல ஒரு பூச்சு. கழுவுகிற அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, கண்ணாடி எல்லாம் மங்கலா இருக்கே. கழுவுறியா, இல்ல சும்மா நனைச்சு வைக்கிறியா?"

அவள் தன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு பீக்கரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தானே மேடம் இருக்கு" என்றாள்.

நல்லாத்தான் இருக்காம். அப்போ எனக்குத்தான் கண் தெரியலையாக்கும்.

ஜனவரி 9

நாத்தனார் போனில் வந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை கேட்கிற கேள்வியை இன்று கேட்டுவிட்டாள். "அண்ணி, நீங்க அங்க என்னதான் வேலை பாக்குறீங்க?" கண் ஆஸ்பத்திரி என்பதால் நான் சொட்டு மருந்து விடுகிறவள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறாள்.

பொறுமையாகச் சொன்னேன். கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. அது மங்கினால் புரை. கீழ்த்தளத்தில் பெரிய டாக்டர் அதை எடுத்துவிட்டு வேறு வில்லை வைப்பார். எடுத்ததை மற்ற ஆஸ்பத்திரிகளில் குப்பையில் போடுவார்கள், இங்கே மாடிக்கு எனக்கு அனுப்புவார்கள். நான் அதை உலர்த்தி, எடை பார்த்து, அமிலத்தில் கரைத்து, கரைசலை இயந்திரத்தின் சுவாலையில் தெளித்து, அதில் கால்சியம் எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று அளப்பேன். தெளிந்த வில்லையில் கால்சியம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். புரை விழுந்த வில்லையில் கொஞ்சம் ஏறியிருக்கும். எவ்வளவு ஏறுகிறது, ஏன் ஏறுகிறது என்பதுதான் என் பிழைப்பு.

"அதாவது கண்ணுல சுண்ணாம்பு தேடுறீங்க" என்றாள்.

என் வேலையை இவ்வளவு சுருக்கமாக இதுவரை யாரும் சொன்னதில்லை. கோபம்தான் வந்தது.

ஜனவரி 15

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கண்ணாடி மங்கலாக இருப்பதைப் பற்றிப் புலம்பினேன். கை கழுவப் போனவர் என் மூக்குக்கண்ணாடியையும் கையோடு எடுத்துப் போய் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். நான் சொன்னது பீக்கரை என்றேன். "கண்ணாடின்னு மொட்டையாச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? எந்தக் கண்ணாடின்னு சொல்லணும்ல" என்றார்.

அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவர். ஓய்வுக்குப் பிறகு திருத்துவதற்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

ஜனவரி 22

இன்றும் மங்கல். கழுவுகிற அம்மாவிடம் கொஞ்சம் கத்திவிட்டேன். "நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது, கண்ணாடி பளிச்சுனு இருக்கணும்." தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஜனவரி 30

"இப்ப பாருங்க மேடம்" என்று ஒரு தட்டு நிறையப் பீக்கர்களைக் கொண்டுவந்து வைத்தாள். பரவாயில்லை, ஒரு மினுமினுப்பு தெரிகிறது. சொன்னால்தான் நடக்கிறது. சொல்லாமல் எதுவும் நடப்பதில்லை.

பிப்ரவரி 11

பேருந்தில் ஏறி உட்கார்ந்து, அது பாலத்தைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் என் பேருந்து அது இல்லை என்று தெரிந்தது. 3-ஐ 8 என்று படித்திருக்கிறேன். நேற்று நடைபாதையில் பெரிய டாக்டர் வணக்கம் சொன்னாராம், நான் பார்க்காமலே போனேனாம். கோபமா என்று ஆள் விட்டுக் கேட்டார்.

பிப்ரவரி 13

சரி, எழுதித்தான் ஆக வேண்டும்.

கீழ்த்தளத்தில் சின்ன டாக்டரிடம் கண்ணைக் காட்டினேன். கருவி வழியே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். பாவம், அவளால் முடியவில்லை. "மேடம்... ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல நல்லாவே இருக்கு."

ஊரார் புரையை எல்லாம் வாங்கிக் கரைத்து அளந்தவளுக்கு, சொந்தப் புரை யாரோ சொல்லித்தான் தெரிகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கு வழியாக வந்து, இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குப் புரை விழுந்தது, அவருக்குப் புரை ஏறியது. முதுகில் தட்டிவிட்டேன். வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடவே தட்டினேன்.

ஆக, பீக்கர்கள் மங்கலாக இருந்ததே இல்லை. நான்தான் மங்கல். அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்வேன். இன்றைக்கு வேண்டாம்.

பிப்ரவரி 20

இனி எது மங்கலாகத் தெரிந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. அது என் கண்.

மார்ச் 5

கால்சியம் ஏறியிருக்கிறது! இந்தத் தொகுதி வில்லைகள் எல்லாவற்றிலும். போன வருஷத்துப் புரைகளில் கொஞ்சம்தான் ஏறியிருந்தது, இது பல மடங்கு. துத்தநாகமும் செம்பும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

என் முதல் சந்தேகம் எப்போதும் அழுக்கின் மேல்தான். அதற்காகத்தான் பிளாங்க் வைக்கிறோம். வில்லை இல்லாமல் வெறும் அமிலத்தை எல்லாரும் போகிற அதே பாதையில் அனுப்பி அளப்பது. அதில் எது தென்பட்டாலும் அது அழுக்கு, கணக்கிலிருந்து கழித்துவிடலாம். என் பிளாங்க்குக்கென்றே ஒரு பீக்கர் இருக்கிறது. பெயர் மகாராணி. அதை வேறு யாரும் தொடக் கூடாது. நானே அமிலத்தில் ஊறவைத்து, நானே அலசி, நானே கவிழ்த்து வைப்பேன். இன்றும் பிளாங்க் சுத்தமோ சுத்தம். சந்தேகப்பட எதுவும் இல்லை.

மார்ச் 12

பெரிய டாக்டர் மாடிக்கே வந்துவிட்டார். அவர் மாடிக்கு வந்து பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. எண்களைப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி பார்த்தார். ஜூலை மாநாட்டில் இதைப் படிக்க வேண்டும் என்றார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"உங்க பேர்தான் முதல்ல வரணும். நீங்களே மேடையில பேசுங்க."

இதுவரை வந்த கட்டுரைகளில் என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்கிற பத்தியில், இயந்திரத்தைப் பழுதுபார்த்தவருக்கு அடுத்தபடியாக வரும். இந்த வருஷக் கடைசியில் எனக்கு ஓய்வு. முதல் பெயர்! குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். புரை விழுந்த கண்ணிலும் கண்ணீர் நன்றாகத்தான் வருகிறது.

மார்ச் 28

எண்கள் ஏன் ஏறின என்பதற்குப் பெரிய டாக்டர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். தண்ணீராம். இந்த வருஷம் கிணற்று நீர் குடிக்கிறவர்கள் அதிகம் வருகிறார்களாம், அந்த நீரில் சுண்ணாம்பு அதிகமாம். இப்போது எல்லா நோயாளிகளையும் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்கிறார். எல்லாரும் கொஞ்சம் யோசித்து, ஆமாம் டாக்டர், சப்புன்னு இருக்கும் என்கிறார்கள். டாக்டர் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்!

ஏப்ரல் 4

வீட்டுக்காரர் பாலை நிறுத்திவிட்டார். "பால்ல கால்சியம் இருக்கு. நீதானே கண்டுபிடிச்சே." பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கறுப்புத் தேநீரை முகம் சுளித்துக் குடிக்கிறார். ஒரு மனைவியின் ஆராய்ச்சியை இவ்வளவு மதிக்கிற கணவர் வேறெங்கும் இருக்க மாட்டார், என்ன செய்வது.

ஏப்ரல் 19

இன்னொரு தொகுதி. இன்னும் ஏற்றம். மாநாட்டுக்காரர்கள் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். பெயர்ப் பட்டியலை அனுப்பினார்கள். முதலில் நான். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தும், தள்ளி வைத்தும், வெளிச்சத்தில் பிடித்தும் படித்தேன். எப்படிப் பார்த்தாலும் நான்தான்.

மே 8

வலது கண்ணுக்கு நாளை அறுவை. பொடியாக்கி உறிஞ்சி எடுத்தால் காயம் சீக்கிரம் ஆறும் என்றார் பெரிய டாக்டர். முழுசாக எடுத்துக் கொடுங்கள் என்றேன். எதற்கு என்றார். எதற்கா? என் வில்லை டாக்டர், நான் அளக்காமல் வேறு யார் அளப்பது!

மே 9

கண் மரத்துப்போனாலும் காது மரத்துப்போவதில்லை. கத்தரி, ஊசி, தண்ணீர் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். பிறகு பெரிய டாக்டர், "வந்தாச்சு" என்றார், பிரசவத்தில் சொல்வது போல. குப்பியை என் இடது கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். தேன் நிறத்தில் ஒரு பருப்பு. இதன் வழியாகத்தான் நான் உலகத்தைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 11

கட்டுப் பிரித்தார்கள்.

வெள்ளை என்றால் இதுதானா! வீட்டுக்காரரின் சட்டை வெள்ளை. நான் இதுநாள் வரை அதைச் சந்தன நிறம் என்று நினைத்து, அதற்குப் பொருத்தமாகக் கால்சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கூரை மூலையில் ஒட்டடை. அடுப்புக்குப் பின்னால் சுவர் எங்கும் எண்ணெய்ப் பிசுக்கு. முகம் பார்க்கிற கண்ணாடியில் ஒரு கிழவி. "ஏங்க, இதையெல்லாம் எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன். "எதைச் சொல்றே, ஒட்டடையா, கிழவியா?" என்றார்.

இவருக்கு மறுபடி புரை ஏறட்டும்.

ஜூன் 3

வேலைக்குத் திரும்பினேன்.

முதல் காரியமாக ஒரு பீக்கரை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். புதுக் கண்ணுக்கு விருந்து வைக்கலாம் என்று ஆசை. மங்கல். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன், எல்லாமே பழுப்பு, எதுவும் தெரியவில்லை. இடதை மூடினேன். மங்கல். உள்பக்கம் விரலை விட்டு இழுத்தேன். விரல் நுனியில் வெள்ளையாக மாவு.

என்ன இது. என்னது இது?

கழுவுகிற அம்மாவைக் கூப்பிட்டேன். கத்தவில்லை. எப்படிக் கழுவுகிறாய், செய்து காட்டு என்றேன். செய்து காட்டினாள். சோப்பு, சரி. அமிலத் தொட்டியில் ஊறல், சரி. சுத்த நீரில் அலசல், சரி. அதற்குப் பிறகு அலமாரிக்குக் கீழேயிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். சாமான் தேய்க்கிற தூள். உலர்ந்த துணியில் தொட்டு உள்ளும் புறமும் ஒரு தேய்ப்புத் தேய்த்து, வெளிச்சத்தில் காட்டி, "எங்க வீட்டு டம்ளர் எல்லாம் இப்படித்தான் மேடம் மின்னும்" என்றாள்.

"யாரும்மா இதைப் போடச் சொன்னது?"

"நீங்கதானே மேடம், கண்ணாடி மங்கலா இருக்கு, பளிச்சுனு இருக்கணும்னீங்க."

டப்பாவைத் திருப்பிப் படித்தேன். புதுக் கண்ணுக்குப் பொடி எழுத்தெல்லாம் தெரிகிறது. சுண்ணாம்புக் கல் மாவு.

மகாராணியையும் தேய்த்தாயா என்று கேட்டேன். அவளுக்கே கோபம் வந்துவிட்டது. "அதை நான் எதுக்குத் தொடப் போறேன்? நீங்கதான் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களே."

ஜூன் 4

வெறும் அமிலத்தைத் தேய்த்த பீக்கர்களில் ஊற்றி அளந்தேன். வில்லையே இல்லாத பீக்கர்களுக்கெல்லாம் புரை முற்றியிருக்கிறது.

என் கண்ணில் புரை. அதனால் கண்ணாடி மங்கல் என்றேன். அதனால் அவள் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தாள். அதனால் எல்லார் புரையிலும் சுண்ணாம்பு. அது தெரிந்திருக்க வேண்டிய ஒரே பீக்கரை யாரையும் தொட விடாமல் நானே காப்பாற்றி வைத்தேன். எல்லாரும் போகிற அதே பாதை என்று எழுதியிருக்கிறேனே, மார்ச்சில். மகாராணி எந்தப் பாதையில் போனாள்? பல்லக்கில் போனாள். நடுவில் ஒரு தடவை தூள் கண்ணில் பட்டிருந்தாலும் அதைக் கண்ணின் குற்றம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். இதைவிடத் திறமையாக ஒருத்தி தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்ள முடியாது.

ஜூன் 6

என் சொந்த வில்லையை மகாராணியில் கரைத்து அளந்தேன். போன வருஷத்துப் புரைகளைப் போல ஏதோ கொஞ்சம் கால்சியம். நாத்தனார் சொன்ன சுண்ணாம்பு என் கண்ணில் இல்லை. பழைய வில்லைகளை மறுபடி அளக்கவும் வழியில்லை, எல்லாம் கரைந்து முடிந்தவை.

ஜூன் 10

பெரிய டாக்டரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேனா மூடியைத் திறந்து மூடினார்.

"தூள் வர்றதுக்கு முன்னாடி அளந்ததுலயும் கால்சியம் ஏறித்தானே இருந்துச்சு? அப்ப திசை சரி. அளவுதான் கொஞ்சம் கூட. நீங்க போய்ப் பேசுங்க, பின்னாடி திருத்திக்கலாம். யாராவது கேட்டா, கழுவுறவங்க கவனக்குறைவுன்னு சொல்லிடலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே முடியாது என்று ஏன் சொல்லவில்லை? ஏன்னா எனக்கு வேணும். அந்த மேடை எனக்கு வேணும். முதல் பேர் வேணும். வருஷக் கடைசியில நான் போயிட்டா அப்புறம் எனக்கு யாரு குடுக்கப் போறாங்க? திசை சரிதானே. சரிதானே?

ஜூன் 11

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏதாவது புத்திமதி சொல்வார், சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். "அப்ப நான் பால் குடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 14

கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்ளக் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் ஒரு பெண், தன் அப்பாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தவள், சின்ன டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெரிய டாக்டர் சொன்னாருன்னு எங்க வீட்டுக் கிணத்த மூடிட்டோம். இப்ப தண்ணிக்கு ரொம்பத் தூரம் போறோம். கண்ணு நல்லாயிருந்தா போதும் டாக்டர்."

அந்த அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னைத்தான் பார்த்தாரா என்பது தெரியாது, அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை.

நான் மாடிக்கு வரவில்லை. நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். எண்களைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். கழுவுகிறவள் தவறு என்று யார் சொன்னாலும், இல்லை, தவறு என்னுடையது என்பேன் என்றும் சொன்னேன். கிணற்றைத் திறக்கச் சொல்லுங்கள் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்தார். என்ன தண்ணீர் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஜூன் 15

அந்தப் பெண்ணைப் பெரிய டாக்டர் தானே போனில் கூப்பிட்டுச் சொன்னாராம். மற்றவர்களுக்கும் சொல்லச் சொல்லி ஆள் வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. முதல் பெயரை எனக்குக் கொடுத்தவர்தானே.

ஜூன் 23

மாநாட்டுக்காரர்களுக்கு எழுதினேன். கண்டுபிடிப்பு போய்விட்டது, வேண்டுமானால் அது எப்படிப் போயிற்று என்று பேசுகிறேன் என்று. ஒப்புக்கொண்டார்கள், ஆனால் கடைசி நாள், கடைசி நேரம். பெரிய டாக்டர் பெருந்தன்மையாகத் தன் பெயரை நீக்கிவிடச் சொல்லிவிட்டார். சின்ன டாக்டரும்தான். இப்போது முதல் பெயரும் நான், கடைசிப் பெயரும் நான்.

ஜூலை 18

பேசினேன். பாதி அரங்கம் காலி, மீதியில் பாதிப் பேர் பெட்டியைக் கட்டி மடியில் வைத்திருந்தார்கள். மகாராணி கதைக்கு நன்றாகச் சிரித்தார்கள். முடிந்ததும் கைதட்டல் சுமார்.

ஆனால் இறங்கி வந்தபோது ஒருவர் ஓரமாக நின்று காத்திருந்தார், வேறெங்கோ என் போலவே உலோகம் அளக்கிறவர். மெதுவாக, "எங்க பிளாங்க் பீக்கரையும் நான்தான் கழுவுறேன்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 2

இடது கண்ணும் முடிந்தது. இப்போது இரண்டு கண்ணுக்கும் ஒரே வெள்ளை. வீட்டுக்காரர் பால் குடித்துவிட்டு டம்ளரை மேசை மேலேயே வைக்கிறார். அதுவும் தெரிகிறது.

ஆகஸ்ட் 21

கழுவுகிற அம்மாவிடம் பிப்ரவரியில் சொல்ல வேண்டியதை இன்று சொன்னேன். பீக்கரெல்லாம் அப்போது நன்றாகத்தான் இருந்தது, என் கண்தான் கெட்டிருந்தது, சும்மா உங்களைத் திட்டிவிட்டேன் என்று. "அது எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம், உங்ககிட்ட எப்படிச் சொல்றது" என்றாள். பிறகு போகாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மேடம். கண்ணாடி மங்கலா இருக்கு. எவ்வளவு தொடச்சாலும் போக மாட்டேங்குது."

"எந்தக் கண்ணாடி?"

தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது, ஒரு தூசி இல்லை.

"வாங்கம்மா, கீழே போகலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.